வாய்க்காலோடு ஏறி இறங்கிய விளக்கு

நாவற்கோட்டகம்,
ஆடி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அறிவுமதிக்கு,

அப்பா எழுதுவது. இதை எழுதும் நேரத்தில் உன் அம்மா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், மிஷின் சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது, எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை. அயர்லாந்துக் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பிற்பகல் நம் பகுதி மின் உதவிப் பொறியாளர் கமருன்னிஸா நம் வாசலில் நின்று என்னிடம் நேரில் சொன்னது இது: டிரான்ஸ்பார்மரிலிருந்து நம் தெருவுக்கு வரும் நான்கு கம்பிகளில், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி முதல் கம்பத்து இணைப்பிலேயே அறுந்திருக்கிறது. கீழிருந்து பார்த்தால் சேர்ந்திருப்பது போலத்தான் தெரியும். ஆபீஸிலிருந்து வரும் வழியில் லைன்மேன் அங்கே ஏணியில் ஏறிக் கழியால் தள்ளிக் காட்டியபோது அது ஒட்டாமல் ஆடியதை நானும் பார்த்தேன். எப்போது அறுந்தது என்று பொறியாளருக்கும் தெரியவில்லை. கோடையிலேயே அறுந்திருக்கலாம் என்றார். இருக்கலாம் என்பதை நான் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தின ஞாயிறு நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது மிஷின் அலறியதைக் கேட்டாய், என்னப்பா அது என்று திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன், படித்து முடித்த கையோடு போன் போடாதே, இரண்டாம் தடவை படித்துவிட்டுப் பேசு.

நம் தெரு லைனின் கடைசி என்பது உனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மர் பெரிய தெருவில் இருக்கிறது, அங்கிருந்து கம்பி வயலைத் தாண்டி வாய்க்காலைத் தாண்டி நம்மிடம் வந்து முடிகிறது. தண்ணீர் எப்படியோ அப்படித்தான் கரண்டும், முன்னால் இருப்பவர் எடுத்தது போக மீதி நமக்கு. அதனால் சித்திரையில் விளக்கு மங்கத் தொடங்கியபோது யாரும் அதிசயப்படவில்லை, பம்புசெட் ஓடுகிறது, பெரிய தெருவில் ஏசி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு விசிறியைத் தேடினோம். பொறுக்காதது நீ வாங்கி அனுப்பிய ஆக்ஸிஜன் மிஷின் ஒன்றுதான். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது அலறும், அப்புறம் நின்றுவிடும். அரிசி மில் வேலையில் தவிட்டுத் தூசியைக் குடித்துக் கெட்டுப்போன நுரையீரல் அம்மாவுடையது, மிஷின் இல்லாமல் அதிக நேரம் விடாதீர்கள் என்று மன்னார்குடி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் கட்டில் தலைமாட்டில் நிற்கிறது. மன்னார்குடிக்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினேன். வோல்டேஜ் இறங்கினால் அது டக்கென்று ஒரு படி ஏற்றிக் கொடுக்கும். அது டக்கென்னும்போதெல்லாம் பக்கத்து வீட்டு விளக்கு ஒரு தடவை கண்மூடித் திறப்பதைப் பிறகுதான் கவனித்தேன். நமக்கு ஏற்றிக்கொள்வதை யாரிடமிருந்தோ இழுத்துத்தான் ஏற்றிக்கொள்கிறோம் போலிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மனத்தைக் கலக்கியது அதுவல்ல. எதிர்வீடுதான். தங்கம்மாள் பங்குனியில் இறந்துபோன பிறகு அவள் மகன் செழியன் காரியத்தை முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியை நம்மிடம்கூடக் கொடுக்காமல் சிங்கப்பூர் திரும்பிவிட்டான், திருடன் வரக்கூடாது என்று வாசலில் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுப் போனான். நம் வீட்டு டியூப்லைட் துடித்து மங்கி, ஃபேன் இறக்கையைத் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று ஆகிற நேரத்தில், ஆளில்லாத அந்த வீட்டு பல்பு மெல்ல மெல்ல ஏறும். மஞ்சளாக இருந்தது வெள்ளையாகும். கதவு, பூட்டு, தங்கம்மாள் சாய்ந்து உட்கார்ந்து எண்ணெய்க் கறை படிந்த சுவர், எல்லாம் பளீரென்று தெரியும். இங்கே மிஷின் அலறும், அம்மா வாயைத் திறந்து மூச்சை இழுப்பாள். இங்கே ஃபேன் வேகம் பிடித்து மிஷின் ஓடத் தொடங்கினால் அங்கே பல்பு தணிந்து பழைய மஞ்சளுக்குப் போய்விடும். யாரோ இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று இங்கிருந்து எடுத்து அங்கே ஊற்றுவது போல இருக்கும். விளக்கு வைக்கிற நேரமானால் தெருவில் நாலு பேர் நின்று அந்த வாசலையே பார்க்கத் தொடங்கினார்கள். தங்கம்மாவுக்குத் தனியா போக மனசில்ல, வேம்பு மூச்சைப் புடிச்சு இழுக்குறா என்று ஒருத்தி உன் அம்மா பெயரைச் சொல்லிப் பேசியது ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அம்மா படுத்தபடியே, “உசுரோட இருந்தப்பவே என்கிட்ட உறைமோர் வாங்கிட்டுக் கிண்ணத்தைத் தரமாட்டா, இப்ப மூச்சையும் ஓசியில கேக்குறாளாமா, நாளைக்கு வரச் சொல்லுங்கடி” என்று குரல் கொடுத்தாள். தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. அன்றிலிருந்து ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டாள்.

மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் இன்னொன்று தொடங்கியது. இந்த வருஷம் முறை வைத்துத்தான் விடுகிறார்கள், சில நாள் நம் வாய்க்கால், சில நாள் அடுத்த வாய்க்கால். முதல் முறைக்குத் தண்ணீர் வந்த அன்று நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா கண்ணைத் திறக்காமலே, “ஏங்க, தண்ணி வந்துடுச்சு” என்றாள். அவள் படுத்திருக்கும் அறையிலிருந்து வாய்க்கால் தெரியாது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் மதகைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எப்படித் தெரியும் என்றேன். ஃபேன் சத்தம் மாறிடுச்சு என்றாள். தண்ணீர் வந்தால் ஃபேன் ஏன் மாற வேண்டும் என்று நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த முறை வாய்க்கால் காய்ந்து சேறு வெடிக்கத் தொடங்கியதும் நம் விளக்கு மறுபடி மங்கியது, எதிர்வீட்டு பல்பு வெளுத்தது, மிஷின் அலறியது. நீ கேட்டது அந்த அலறலைத்தான். தண்ணீர் வந்தது, எல்லாம் சீரானது, அதற்கு முன்னால் அம்மா வந்துடுச்சு என்றாள். தற்செயல் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் மீரா உசேனிடம் போய் எந்தெந்த நாள் திறந்தார், எந்தெந்த நாள் மூடினார் என்று கேட்டு, மிஷின் அலறிய நாள்களோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. “என்ன சார், தண்ணி நான் விடுறேன், உங்க வீட்டு லைட்டு ஏறுதா, அப்ப கரண்ட் பில்லை என்கிட்ட குடுங்க” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புகார் கொடுக்காமல் இல்லை. மங்கும்போது கொடுப்போம், அவர்கள் வேலையெல்லாம் முடித்து வந்து சேர்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும், மீட்டரை வைத்தால் எல்லாம் ஒழுங்காகக் காட்டும். வந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, வோல்டேஜ் இருக்கிற நேரத்தில் வந்து இல்லை என்று எப்படி எழுதுவார்கள். இதற்குள் வயரிங் வேலை பார்க்கும் பஞ்சநதம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். நம் பக்கத்தில் இது புதிதும் அல்ல. வோல்டேஜ் சரியில்லையா, நியூட்ரலிலிருந்து ஒரு வயரை இழுத்து வந்து கொல்லையில் இருக்கிற அடிபைப்பின் இரும்புக் குழாயில் சுற்றிவிடுவது, குழாய் ஈர மண்ணுக்குள் இருப்பதால் விளக்கு கொஞ்சம் நிமிரும். முதலில் ஒரு வீட்டில் கட்டினான், நல்லா எரியுதே என்று அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டார், அப்படியே தெரு முழுக்கக் கட்டிவிட்டான். “பூமாதேவியே இருக்கா, அப்புறம் நியூட்ரல் எதுக்குண்ணே” என்பான். நம் வீட்டிலும் கட்டினான். நம் அடிபைப்பு வாய்க்கால் கரையில், படித்துறையை ஒட்டி இருப்பதால் தெருவிலேயே நம்முடையதுதான் நன்றாகப் பிடித்தது. அம்மாவின் மிஷின் அலறுவது பாதியாகக் குறைந்தது. பஞ்சநதத்துக்கு அம்மா தன் கையால் காப்பி போட்டுத் தருகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

போன வாரக் கடைசியில் சாரங்கபாணி வந்தார், நம் கொல்லைக்கு அடுத்த வயல்காரர். வாசலிலேயே நின்று, “சார், மாடு எல்லா எடத்துலயும் வாய வச்சுக் குடிக்குது, உங்க படித்துறைகிட்ட வந்தா மட்டும் காலைப் பின்னால வாங்கிட்டு ஊதுது. என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க” என்றார். கூடப் போனேன். நல்ல வெயில். மாடு தண்ணீருக்கு நேரே கழுத்தை நீட்டி, மூக்கு படுவதற்கு முன்பே உடம்பெல்லாம் சிலிர்த்துத் திரும்பிக்கொண்டது. அப்போது வாத்துக்காரர் ஒருவர் மந்தையை வாய்க்காலில் ஓட்டிக்கொண்டு வந்தார். அத்தனை வாத்தும் தண்ணீரோடு சலசலவென்று வந்து, நம் படித்துறைக்கு முன்னால் கரை ஏறி, நடந்து, தாண்டிப் போய் மறுபடி தண்ணீரில் இறங்கின. யாரும் விரட்டவில்லை. அந்த ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் வெறுமையாக, சின்ன அலைகூட இல்லாமல் இருந்தது. நான் குனிந்து விரலை வைத்தேன். மீன் கடித்தது போல இருந்தது. மீன் எதுவும் இல்லை. கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் கண்ணில் பட்டது நம் அடிபைப்பும், அதில் பஞ்சநதம் அழகாகச் சுற்றி முறுக்கியிருந்த வயரும்.

நேற்றுக் காலை கரண்ட் ஆபீஸுக்கு நேரில் போனேன். லோ வோல்டேஜ் என்று சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எங்கள் விளக்கு ஏன் ஏறுகிறது, மாடு எங்கள் படித்துறையில் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன். கமருன்னிஸா உன் வயதுதான் இருப்பார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்க தெருவுல யாராவது நியூட்ரலை அடிபைப்புல கட்டியிருக்காங்களா சார்” என்றார். எல்லாரும் என்றேன். அடுத்த கேள்வி கேட்காமல் லைன்மேனைக் கூப்பிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார், என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியில் சொன்னார், “போன கரண்ட் எப்படியாவது திரும்பி வந்தாகணும் சார். கம்பி அறுந்தா மண்ணு வழியா வரும். ஈர மண்ணு வழி விடும், காஞ்ச மண்ணு விடாது. விடலைன்னா ஒரு வீட்டுக்குக் குறையுறது இன்னொரு வீட்டுக்கு ஏறும். இப்ப உங்க தெரு மொத்தமும் திரும்பிப் போற வழி எதுன்னு நினைக்கிறீங்க?” எங்கள் படித்துறை என்றேன். வந்ததும் ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியைக் குத்தி, அதற்கும் நம் குழாய்க்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் கிட்ட வராதீங்க என்று கையை விரித்தார். இதில் இருக்கிற கரண்ட் மாடு விழப் போதும், ஆள் தப்பிக்கலாம், ஆனால் ஈரக் காலோடு குழாயைப் பிடித்தால் சொல்ல முடியாது என்றார்.

சாரங்கபாணி வயலில் நேற்று நடவு. அதை நான் மறந்தே போயிருந்தேன். நடவு நடந்தால் பெண்கள் மதியச் சோற்றுக்குக் கரையேறி நம் படித்துறையில்தான் கால் கழுவுவார்கள், அடிபைப்பில்தான் தண்ணீர் அடித்துக் குடிப்பார்கள், உனக்கே தெரியும், சின்ன வயதில் நீ அவர்களுக்காக அடித்துக் கொடுத்திருக்கிறாய். முழங்கால் வரை சேறோடு வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் படியில் ஒரு காலை இறக்க, கமருன்னிஸா போட்ட சத்தத்தில் அவள் அப்படியே நின்றாள். “காலை எடும்மா, தண்ணியைத் தொடாத, குழாயைத் தொடாத.” அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார்கள். ஏன் எங்களைத் தொடாதேங்குறாங்க என்று பின்னால் ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது, அது எனக்கு வேறு விதமாக வலித்தது, ஓடிப்போய் காரணம் சொன்னேன். அந்த வயரை இழுத்து அறுத்துவிடலாமே என்றேன். கூடாது என்றார் கமருன்னிஸா, அறுத்த முனையில் முழு வேகமும் வந்து நிற்கும், வீடுகளில் ஒரு பக்கம் மங்கும், இன்னொரு பக்கம் எரிந்து போகும், தெருவுக்கு வரும் பியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மேலே இணைப்பைப் போட்ட பிறகுதான் வயர்களை அவிழ்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சிலிண்டரில் பாதிதான் இருந்தது. போன தடவை மங்கியபோது செலவானது, நிரப்பி வர நான் போகவில்லை. பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிடுங்காதே என்று சொல்லவும் வரவில்லை. கமருன்னிஸா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, அம்மாவிடமே நேராகச் சொன்னார். அம்மா முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “என் மூச்சு போய் அந்தப் பொண்ணுங்க கால்ல சுத்துதா? பிடுங்கும்மா நீ” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏங்க, மரமாட்டம் நிக்காம சிலிண்டரைத் திருகுங்க” என்றாள். கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்து, மிஷின் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றபோது பட்டப்பகலில் தெரு அவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு பல்பும் அணைந்தது, பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக. நான் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவப்புக்குள் போய்க் கொஞ்சம் ஆன பிறகுதான் தெருவில் சத்தம் கேட்டது, ஃபேன் அசைந்தது. அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது, குழாயை மிஷினுக்கு மாற்றிக் கொடுத்ததும் மெல்லத் தெளிந்தது. எதிர்வீட்டு பல்பு மஞ்சளாக எரிந்தது, ஏறவில்லை, இறங்கவில்லை. கட்டிலைத் திருப்பச் சொல்லி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போயிட்டா போல” என்றாள் அம்மா. அதில் வருத்தம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

இனி அம்மாவுக்குத் தெரியக்கூடாதது. நேற்றிலிருந்து வோல்டேஜ் ஒரே அளவில் நிற்கிறது, ஸ்டெபிலைசர் ஒரு தடவைகூட டக்கென்னவில்லை, நம் குழாயிலிருந்த வயரை லைன்மேனே அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார். இன்று காலை நான் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். அம்மா கண்ணை மூடியபடி, “தண்ணி நின்னுடுச்சு” என்றாள். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தேன், மாறவில்லை. ஃபேனைக் கேட்டேன், அதே சத்தம். கொல்லைக்குப் போனேன். வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு விரல்கூட இறங்கவில்லை. அப்பாடா, தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று மனம் லேசானது. உறுதிப்படுத்திக்கொள்ள அங்கிருந்தே மீரா உசேனுக்குப் போன் போட்டேன். அவர், “இப்பதான் சார் தலைப்பு மதகுல ஷட்டரை இறக்கிட்டு சைக்கிள்ல காலைத் தூக்கிப் போடுறேன், முறை முடிஞ்சுது. அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார். தலைப்பு மதகு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். அங்கே நின்ற தண்ணீர் இங்கே தெரிய மத்தியானம் ஆகும், ஆனது. உள்ளே வந்தேன், சரியா என்று கேட்டாள், ஆமாம், நின்றுவிட்டது என்றேன். ஃபேன் சத்தத்தில்தான் தெரிகிறது என்று அவள் இன்னமும் நம்புகிறாள். அப்படியே நம்பட்டும்.

இதைக் கமருன்னிஸாவிடம் போனில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அடுத்த முறைத் தண்ணீர் எப்போது என்று மட்டும் கேட்டார். வாய்க்கால் காய்ந்து மறுபடி நனையும்போதுதான் போட்ட இணைப்பு தாங்குகிறதா என்பதும், மண்ணில் இன்னும் ஏதாவது ஓடுகிறதா என்பதும் தெரியும் என்றார். அன்றைக்கு மீட்டரோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அம்மா சொல்லட்டும், நான் முள்ளைப் பார்க்கிறேன் என்றார். அதுவரை படித்துறையில் யாரும் இறங்க வேண்டாம் என்றதால் கருவை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறோம். முள்ளுக்கு அப்பால் தேங்கி நிற்கிற தண்ணீரையும் மாடு இன்று சாயங்காலம் குடிக்கவில்லை; பழைய பயமா, புதிய காரணமா, மாட்டிடம் கேட்க முடியாது.

நீ அங்கே ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே. மூக்கில் வைக்கிற குழாய் இரண்டு செட் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. சிலிண்டரை இன்றே நிரப்பிவிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவிடம் பேசும்போது விளக்கைப் பற்றிக் கேள், எதிர்வீட்டைப் பற்றிக் கேள், தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ ஏற்றுகிற விளக்கு ஏறாமல் இறங்காமல் எரியட்டும், வேலையிலும் உடம்பிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது.

இனி நிலுவையில் இருப்பவை. தெருவில் இன்னும் ஐந்து வீட்டு அடிபைப்பில் வயர் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அவிழ்த்துவிடுவோம் என்று லைன்மேன் சொல்லியிருக்கிறார், பஞ்சநதம் கூடப் போகிறான். நம் தெருவுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதியிருப்பதாகப் பொறியாளர் சொன்னார், குறுவை அறுப்புக்குப் பிறகு எதிர்பார்க்கலாம், உத்தரவு எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை தண்ணீர் திறப்பது லஸ்கர் சொன்னது. அன்று வருவது பொறியாளர் சொன்னது. அதற்கு முன்னால் தண்ணி வந்துடுச்சு என்று அம்மா எப்போது வாயைத் திறப்பாள் என்பதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் இல்லை.

உன் அப்பா,
இளையபெருமாள்